புலி சார் எழுதிய தெளிவான புல் ரிக்வெஸ்ட்

ஒரு காட்டில் ஒரு ஆப் இருந்தது. சிங்கம் இல்லையா என்று கேட்காதீர்கள். சிங்கம் ஆன்சைட் வேலை என்று வெளிநாடு போய் வருஷக்கணக்காகிறது, அங்கேயே வீடும் வாங்கிவிட்டதாகக் கேள்வி. இங்கே காட்டை ஆண்டது ஆப்தான்.

ஆப்புக்கு வேலை ஒன்றே ஒன்று. காட்டில் தண்ணீர் குடிக்க ஒரே ஒரு துறை. யார் எப்போது வரலாம் என்று ஆப் முறை வைத்துக் கொடுக்கும். உங்கள் முறை வந்தால் கழுத்தில் கட்டிய போன் கிணுகிணுக்கும், போய்க் குடித்துவிட்டு வந்துவிட வேண்டும். துறையில் யாரும் யார்மேலும் பாயக் கூடாது என்று சட்டம். ஆனால் சட்டம் போட்டவர்கள் விவரமான ஆட்கள், கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். ஆப்பே இரண்டு பேரை ஒரே நேரத்தில் அனுப்பிவிட்டால், பிறகு நடப்பதற்குப் பாய்ந்தவர் பொறுப்பில்லை, சிஸ்டம்தான் பொறுப்பு. சிஸ்டத்தைப் பிடித்து எந்தக் கூண்டில் அடைப்பது, நீங்களே சொல்லுங்கள்.

அந்த ஆப்புக்குக் கோட் எழுதும் கூட்டத்தில் ஒரு சருகுமான் புதிதாகச் சேர்ந்திருந்தாள். பெயர் சிமிழி. மான் என்று பேர்தானே ஒழிய பூனை அளவுதான் இருப்பாள், ஆனால் வேலையில் படு சுத்தம். வந்த வேகத்திலேயே ஒரு கோளாறைக் கண்டுபிடித்துவிட்டாள். தூறல் போட்டால் வழி சறுக்கும் என்று ஆப் எல்லோருடைய முறையையும் கொஞ்சம் தள்ளி வைக்கும். சருகுமான்களின் முறையை மட்டும் தள்ள மறந்துவிடும். புலிக்கு அடுத்த முறை சருகுமான்களுக்கு. ஆக, தூறல் நாளில் புலி தாமதமாகக் கிளம்பி, கரெக்டாக இவர்கள் குனிந்து குடிக்கிற நேரத்துக்கு வந்து நிற்கும்.

ஆப் வந்ததிலிருந்து மழையே பெய்யாததால் இது யாருக்கும் தெரியாமல் இருந்தது. இப்போது மேற்கே மேகம் கட்ட ஆரம்பித்திருந்தது. சிமிழி உடனே வேலையில் இறங்கினாள். அவள் அம்மாவும் தங்கச்சிகளும் அந்தத் துறையில்தான் குடிக்கிறார்கள்.

கோளாறைச் சரிசெய்ய ஒரே ஒரு வரி போதும். ஆனால் அந்தக் காட்டில் யாரும் தன்னிஷ்டத்துக்கு ஆப்பில் கை வைக்க முடியாது. செய்த மாற்றத்தைப் புல் ரிக்வெஸ்ட் என்று பேர் வைத்து எல்லோர் பார்வைக்கும் வைக்க வேண்டும். மூன்று பேர் படித்துப் பார்த்து, சரி என்று பச்சை டிக் போட்டால்தான் ஆப்பில் சேரும். தலைமை ரிவ்யூவர் கரடி சார். இரண்டாவது மயில் சார். மூன்றாவது புலி சார். புலி சாருக்குக் கோடிங்கில் ஒரு எழுத்தும் தெரியாது. குழுவில் நானும் இருக்கட்டுமே என்று அவர் சொன்னபோது, வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. மற்ற இரண்டு டிக்கும் விழுந்தால் தானும் ஒரு டிக் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்வார், பாவம், யாருக்கும் தொந்தரவில்லை.

கரடி சார் புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் ஒரு வகுப்பு எடுப்பார். மாற்றம் சின்னதாக இருக்கட்டும், என்ன, ஏன், எப்படிச் சோதித்தாய் என்று தெளிவாக எழுது, படிப்பவருக்குச் சிரமம் கொடுக்காதே என்பார். அந்த வகுப்பை இதுவரை நம்பியவள் சிமிழி ஒருத்திதான். அவள் இப்படி எழுதினாள்.

“என்ன: தூறல் நாளில் சருகுமான் முறையையும் தள்ளிவைத்தல். ஏன்: இப்போது அந்த நேரத்தில் புலியும் சருகுமான்களும் துறையில் ஒன்றாக நிற்க நேரும். சோதனை: செயற்கைத் தூறல் கொடுத்துப் பார்த்தேன், சரியாக வேலை செய்கிறது.”

எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள். அதுதான் வினை. படித்தவர்களுக்கெல்லாம் புரிந்துவிட்டது, புரிந்தபின் கருத்து சொல்லாமல் இருக்க யாரால் முடியும்? தூறலுக்கும் சாரலுக்கும் எல்லை எது என்று கரடி சார் கேட்டார். மாற்றம் நன்றாயிருக்கிறது, வரிக்கு வைத்த பெயரில்தான் ஒரு நளினம் இல்லை என்றார் மயில் சார். சம்பந்தமே இல்லாத ஒரு முயல் வந்து, பனி பெய்தால் என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டுவிட்டுப் போனது. சிமிழி ஒவ்வொருவருக்கும் பதில் எழுத, ஒவ்வொரு பதிலுக்கும் இரண்டு கேள்வி முளைத்தது.

கடைசியில் புலி சாரும் படித்தார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு புல் ரிக்வெஸ்ட் அவருக்கு முழுசாகப் புரிந்தது. இரண்டு தரம் படித்து, மீசையை நக்கிக்கொண்டு, தன் முதல் கமென்ட்டை எழுதினார்.

“நல்ல கண்டுபிடிப்பு. ஆனால் அவசரம் வேண்டாம். ஒரு மழை பார்த்துவிட்டு முடிவெடுப்போம்.”

இதற்கிடையில் பக்கத்து இருக்கைக் காட்டுப்பன்றி, மாசக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த கோட் வரிகளை மலையாகக் கொட்டி, ‘சில திருத்தங்கள்’ என்று தலைப்புப் போட்டு அனுப்பினான். என்ன, ஏன் என்று ஒரு வார்த்தை கிடையாது. கரடி சார் திறந்தார், நீளத்தைப் பார்த்தார், கொட்டாவி விட்டார், டிக் போட்டார். மயில் சாரும் புலி சாரும் பின்னாலேயே போட்டார்கள். பன்றி சேற்றுக்குப் போய்ப் புரளக்கூட நேரமில்லை, அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இதில் எனக்கு ஆத்திரம் வருகிறது, ஆனால் நானும் அந்த நீளத்தைப் பார்த்திருந்தால் டிக்தான் போட்டிருப்பேன். சிமிழி நேராகப் பன்றியிடமே போய் என்ன ரகசியம் என்று கேட்டாள்.

“புரிஞ்சாத்தானே புள்ள கேள்வி கேப்பாங்க?” என்றான் பன்றி.

அப்படிக் கேட்டுவிட்டு அவளைப் பார்த்து இரக்கப்பட்டு, அடுத்த மூட்டை தயாராகிறது, உன் வரியையும் அதிலேயே போட்டு விடு என்றான். நேர்மையான பெண், ஒரு பொழுது முழுக்கத் தயங்கினாள். பிறகு வானத்தை அண்ணாந்து பார்த்தாள், மேகம் தலைக்கு மேலே வந்திருந்தது. வரியைப் போட்டுவிட்டாள். ‘மேலும் சில திருத்தங்கள்’ என்ற அந்த மூட்டை கொட்டாவி, டிக், டிக், டிக் என்று ஆப்பில் சேர்ந்தது.

மறுநாள் தூறல். புலி சார் குளித்து, தலை வாரி, போன் கிணுகிணுத்ததும் துறைக்குப் போனார். அங்கே தவளை ஒன்றுதான் இருந்தது. சருகுமான்கள் அவர் குடித்துவிட்டுப் போன பிறகு சாவகாசமாக வந்து குடித்தார்கள். சிமிழியின் கடைசித் தங்கச்சி தண்ணீரில் விளையாடிக்கூட விட்டாள்.

அன்று மாலை புலி சார் சிமிழியின் இருக்கைக்கே வந்துவிட்டார். வேலை நேரத்தில் சக ஊழியரைத் தின்பதில்லை என்பது ஒப்பந்தம், இருந்தாலும் அவள் தன் இருக்கையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். புலி சார் சுற்றி வளைக்கவில்லை. நடந்ததை மாற்றித் திரும்பப் பழையபடி ஆக்கத் தானே ஒரு புல் ரிக்வெஸ்ட் போடப் போவதாகச் சொன்னார். எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

“நீ எழுதினது ஒண்ணுதாம்மா எனக்கு இதுவரைக்கும் புரிஞ்சுது,” என்றார். “அதே மாதிரி எனக்கும் எழுதச் சொல்லிக் கொடு.”

சிமிழி யோசித்தாள். இவர் பன்றியிடம் போயிருந்தால் இன்று ராத்திரிக்குள் காரியம் முடிந்திருக்கும். நல்லவேளை, இவருக்கு ரசனை இருக்கிறது. அவள் இருக்கையைக் காட்டி உட்காரச் சொன்னாள்.

“சின்னதா எழுதணும் சார். தெளிவா எழுதணும். முக்கியமா, காரணத்தை மறைக்கவே கூடாது.”

மனசார, ஒளிவு மறைவில்லாமல், தனக்குத் தெரிந்த அத்தனையையும் சொல்லிக் கொடுத்தாள். புலி சாரும் நல்ல மாணவர். அவர் போட்டது இது.

“என்ன: தூறல் நாளில் என் முறையும் சருகுமான் முறையும் ஒன்றாக வருதல். ஏன்: பசி. சோதனை: ஆப்பில் சேர்ந்ததும் நேரில் செய்து காட்டப்படும்.”

கரடி சாருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை காலம் எடுத்த வகுப்புக்கு இன்றுதான் பலன் என்று, அதை எல்லோரும் பார்க்க மரத்தில் ஒட்டச் சொன்னார். அப்புறம் கேட்டார், பசி என்றால் எந்த அளவு பசி? மயில் சார், ‘ஒன்றாக’ என்பது கொஞ்சம் கொச்சை என்று அபிப்பிராயப்பட்டார். முயல் பனியைப் பற்றிக் கேட்டது. புலி சார் பொறுமையாகத் திருத்தினார், பதில் எழுதினார், மறுபடி திருத்தினார். எழுதியவரே டிக் போட முடியாது என்பதால் மூன்றாவது டிக்குக்கு வேறு ஆள் தேட வேண்டும் என்று பேச்சு வந்தது. முதல் இரண்டு டிக்கே விழாததால் அந்த அவசியம் வரவில்லை.

மழைக்காலம் வந்து, கொட்டித் தீர்த்து, போயும் விட்டது. விவாதம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. புலி சார் இளைத்துவிட்டார், ஆனால் எழுத்தில் நல்ல மெருகு. சிமிழி தினமும் அம்மாவோடும் தங்கச்சிகளோடும் துறைக்குப் போய் வயிறு நிறையக் குடித்துவிட்டு வந்து, அவருக்கு மறக்காமல் ஒரு கமென்ட் போடுகிறாள்.

“அருமையான மாற்றம் சார். ஒரே ஒரு சின்ன சந்தேகம்.”

நீதி: தெளிவாக எழுதுவது மிக நல்ல பழக்கம். அதை முதலில் உங்களைத் தின்ன வருகிறவருக்குக் கற்றுக்கொடுங்கள்.