வெருளிக்கு ஒரு முகம்

"இஞ்சருங்கோ, உந்த அலுமாரியிலை கிடக்கிற மூஞ்சியளிலை ஒண்டைத் தாங்கோ. வெருளிக்குக் கட்டவேணும்" என்றாள் தங்கமுத்து.

சோமசேகரம் அலுமாரிக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார். தருவதாக இல்லை.

நீர்வேலியில், ஒழுங்கையின் முனையில் அவர்களுடைய புது வீடு எழும்பிக்கொண்டிருந்தது. நாவூறு, கண்ணூறு படாமலிருக்க முன்னால் ஒரு வெருளிப் பொம்மை நிற்கவேண்டும் என்பது தங்கமுத்துவின் கவலை. அவருடைய கவலை வேறு. எப்போதோ நின்றுபோன சிறுவர் பத்திரிகை ஒன்றின் சித்திரக்கதைப் பாத்திரங்கள் எல்லாரும், இதழோடு இலவசமாக வந்த காகித முகமூடிகளாக அவரிடம் இருந்தார்கள். பல்லன் மந்திரி மட்டும் இல்லை. அந்த மந்திரிக்காக மனுசன் நித்திரையிலும் புலம்புவார்.

மனைவியைச் சமாளிக்க ஒரு பானையில் தானே கரியால் முகம் கீறிக் கொடுத்தார். அது கொஞ்சம் அழகாக அமைந்துவிட்டது. போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பானையை ரசித்தார்கள். பிறகு வீட்டையும் ரசித்தார்கள். மறுநாளே மேசன் றொகான் சாரத்திலிருந்து வழுக்கி விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டான். தங்கமுத்து பானையைப் போட்டு உடைத்துவிட்டு வந்து அலுமாரித் திறப்பைக் கேட்டாள்.

"கொடிகாமத்திலை உம்மடை அண்ணை வீட்டிலை பழஞ்சாமான் குவிஞ்சு கிடக்குது. அங்கை போய்த் தேடும்" என்று அவளை பஸ் ஏற்றிவிட்டார்.

பின்னேரமே திரும்பி வந்தாள். முகம் ஒன்று கிடைத்ததென்றும், றொகான் கட்டிவிட்டான் என்றும் சொல்லி, வந்து பார்க்கக் கூப்பிட்டாள். தன் சொத்து தப்பிய சந்தோசத்தில் அவர் அசையவில்லை. ராசா முகமூடியின் மீசையில் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்தநாள் யாழ்ப்பாணத்திலிருந்து ஜமால்தீன் வந்தார். அவருக்கும் இதே பைத்தியம்; போனில்தான் பழக்கம், வீட்டுக்கு வருவது இதுதான் முதல்தடவை. பையிலிருந்து பக்குவமாக ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

பல்லன் மந்திரி.

சோமசேகரம் மேசைக்கு மேல் குனிந்தார். எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டார்.

"அதை மட்டும் கேக்காதேங்கோ, அண்ணை. நீங்களெண்டாலும் சொல்லுவியளோ?"

நியாயம்தான். மந்திரிக்குப் பதிலாக ஜமால்தீன் ராசாவைக் கேட்டார். கொடுத்தார். ராசாவைத் தனியே பிரிப்பது பாவம் என்றார் ஜமால்தீன். சோமசேகரம் ராணியையும் கொடுத்தார். மந்திரி மடிக்கு வந்துவிட்டார், அது போதும்.

தங்கமுத்து தேத்தண்ணியோடு வந்தபோது வாசலில் றொகான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அக்கா, வெருளிக்கு வேறை முகம் ஒண்டு தாங்கோ. நீங்கள் கொண்டந்ததை இந்த ஐயா வழியிலை கண்டு ஆசைப்பட்டுக் கேட்டவர். பழங்கடதாசிதானே எண்டு சும்மா குடுத்திட்டன்."