மணி அடிக்காத மதியம்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலம்தானே? என் நலத்தைத் தலைமாட்டில் ஒரு பெட்டி அளந்துகொண்டிருக்கிறது.

மூக்கில் ஆக்சிஜன் குழாய், விரலில் ஒரு கிளிப். கிளிப் கழன்றால் பெட்டி கூச்சல் போடும், நர்ஸ் ஓடி வருவாள். இது எனக்குத் தற்செயலாகத்தான் தெரிந்தது; அப்புறம் தற்செயல் அடிக்கடி நடந்தது. "தானா கழண்டுச்சா ஐயா?" என்று கேட்டபடி மாட்டிவிடுவாள். அந்தச் சாக்கில் அவள் மாமியார், மழை, அவளுடைய ஓட்டை ஸ்கூட்டர் என்று நாலு வார்த்தை பேசுவோம். பக்கத்துக் கட்டிலைச் சுற்றி எப்போதும் கல்யாணக் கூட்டம். எனக்கு அந்தக் கிளிப்தான் சொந்தபந்தம்.

நேற்று போனில் நீ பெட்டியில் ஆக்சிஜன் நம்பர் எவ்வளவு என்று கேட்டாய். எண்பத்தொன்பது என்றதும் உன் குரல் இறங்கிவிட்டது. எனக்கு எண்பத்தெட்டிலிருந்து தொண்ணூற்றிரண்டுக்குள் இருந்தால் போதும் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் ஆயுள் முழுக்கக் கணக்கு வாத்தியாராக இருந்தவன், பதினொரு மார்க்கை விட்டுக்கொடுப்பேனா? சுவரிலிருந்த ஆக்சிஜன் குமிழைத் திருகினேன். தொண்ணூற்றெட்டு! உனக்குச் சொல்லலாமென்று போனை எடுத்தேன். தலை கனத்தது, கண் சொருகியது, போன் மடியிலேயே கிடந்தது. பெட்டியோ பரம திருப்தியாக வாயை மூடிக்கொண்டிருந்தது.

விழித்தபோது டாக்டர் என் மணிக்கட்டில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். குழாய் இருந்தது, அளவைக் குறைத்திருந்தார்கள்.

"யாரு ஐயா இதைத் திருகினது?" என்றாள் நர்ஸ்.

"நான்தாம்மா. கூடினா நல்லதுதானே?"

"உங்க நுரையீரலுக்கு இல்ல ஐயா. ஆக்சிஜன் அளவுக்கு மேல போனா கெட்ட காத்து வெளிய வராம உள்ளயே தங்கிடும். அது இந்தப் பெட்டிக்குத் தெரியாது."

"அப்ப உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"காலையிலேர்ந்து சும்மா சும்மா கூப்பிட்ட ஆளு, மத்தியானம் பூரா சத்தத்தையே காணோம். பயந்துட்டேன்."

உன் அண்ணி போன பிறகு, நான் சத்தமில்லாமல் இருப்பதை இதுவரை யாரும் கவனித்ததில்லை, தெரியுமா?

இப்போது தெளிவாக இருக்கிறேன். குமிழ் பக்கம் கை போவதில்லை. நீ லீவு போட்டு அலைய வேண்டாம். இங்கே ஒரு குறையும் இல்லை. மாப்பிள்ளைக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
அண்ணன்

பி.கு.: கடைசிப் பத்தி மரியாதைக்காக எழுதியது. சாயங்காலம் உள்ளே விடுவார்கள். என் கட்டிலின் நாற்காலியைப் பக்கத்துக் கட்டில்காரர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். நீ வருவதாக இருந்தால் சொல், கேட்டு வாங்கி வைக்கிறேன்.