ராஸ் அல் கைமா ஜனாதிபதியின் லீவு விவகாரம்

ராஸ் அல் கைமா,
3-12-1976, வெள்ளி.

அன்பும் மரியாதையும் நிறைந்த ஞானசிங் அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் செல்வசிங் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நான் இங்கு சுகம். தாங்களும் அன்னபாக்கியம் அக்காவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். ஜனவரி ஐந்தாம் தேதி எனக்கும் அருள்செல்விக்கும் நடக்கவிருக்கும் கல்யாணத்துக்கு நான் வர முடியாது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். காரணம் அமெரிக்க அரசியல் சட்டம். அக்காளிடம் இப்போதே சொல்லிவிடாதீர்கள், முழுக்க வாசியுங்கள்.

எங்கள் சிமெண்ட் ஃபேக்டரி சைட்டுக்கு மேனேஜர் ஹால்வர்சன் என்கிற அமெரிக்கர். நம்ம ஆட்கள் வாயில் அவர் ஆழ்வார் சார். கேம்ப்பில் தமிழர் பதிமூன்று பேர், மாசம் ஒருத்தனுக்குத்தான் லீவு, அது யாருக்கு என்று மாசாமாசம் சண்டை. போன மாசம் சண்டையில் ஸ்டூல் உடைந்தது. ஆழ்வார் சார் வந்தார், உடைந்த ஸ்டூலைப் பார்த்தார், எங்கள் நாட்டுக்கு இந்த வருஷம் இருநூறு வயது, நீங்களும் ஒரு அரசாங்கம் அமைத்துக்கொள்ளுங்கள் என்றார். போர்டில் மூன்று கட்டம் போட்டார். சட்டம் போட காங்கிரஸ், அதை நடத்த ஜனாதிபதி, இரண்டு பேரும் தப்புப் பண்ணினால் கேட்க கோர்ட். கோர்ட் அவரே. எலக்ட்ரீஷியன் தியாகு மதுரைக்காரன், உடனே எழுந்துவிட்டான். "எங்கப்பாரு கழகத்துக்காரரு. நான் காங்கிரஸ்ல சேந்தேன்னு தெரிஞ்சா வீட்டுப் படி ஏத்த மாட்டாரு" என்றான். அந்தக் காங்கிரஸ் வேறு, இந்தக் காங்கிரஸ் வேறு என்று புரியவைக்க ஒரு வெள்ளிக்கிழமை போய்விட்டது. ஸ்டோர் கீப்பர் என்பதால் என்னை ஜனாதிபதி ஆக்கினார்கள். மிச்சம் பன்னிரண்டு பேர் காங்கிரஸ்.

முதல் மசோதா லீவு லிஸ்ட். டிசம்பர் செல்வசிங், ஜனவரி தியாகு, அப்படியே வரிசையாக. கல்யாணப் பையன் என்று எல்லோரும் கை தூக்கினார்கள். காகிதம் என்னிடம் வந்தது. ஜனாதிபதி கையெழுத்துப் போடலாம், இல்லாவிட்டால் அவருக்கு 'வீட்டோ' உண்டு என்றார் ஆழ்வார் சார். நான் தியாகுவைப் பார்த்தேன். "வீட்டோன்னா வீட்டுக்கு அனுப்புற அதிகாரம்யா, போடு போடு" என்றான். அத்தான், யாராயிருந்தாலும் அப்படித்தானே நினைப்பார்கள்? நான் சிவப்புப் பென்சிலை எடுத்து, என் பெயருக்கு நேரே VETO என்று பெரிய எழுத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டேன்.

ஆழ்வார் சார் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கண்ணில் தண்ணீர். கல்யாண வாழ்த்து என்று நானும் நன்றாகக் குலுக்கினேன். தன் சொந்த லீவையே மறுத்த ஜனாதிபதியை எங்கள் நாட்டில்கூடப் பார்த்ததில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. "சார், தப்பா எழுதிட்டேன், ரப்பர் வச்சு அழிச்சிருதேன்" என்றேன். "மாஃபி!" என்றார், அரபியில் 'கிடையாது' என்று. வீட்டோ என்றால் கூடாது என்று தடுப்பதாம். காங்கிரஸ் மறுபடி கூடி, மூன்றில் இரண்டு பங்கு பேர் கை தூக்கினால் மட்டும் தடுத்தது செல்லாதாம். அதுவரைக்கும் நானே குடிமகனாக ஒவ்வொரு பிரதிநிதியையும் பார்த்துக் கேட்க வேண்டுமாம், அதுதான் ஜனநாயகமாம்.

டிசம்பர் இடம் காலி, வரிசை ஒரு மாசம் முன்னால் நகரும் என்றதும் தியாகுவும் அவனுக்குப் பின்னால் இருந்த மூன்று பேரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மிச்சம் எட்டு. எட்டுத்தான் வேண்டும். ஒரு வாரம் கட்டில் கட்டிலாக ஏறி இறங்கினேன் அத்தான், ஒருத்தனுக்குச் சட்டை தேய்த்தேன், ஒருத்தன் பெண்டாட்டிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். சமையல்காரர் கௌஸ் முகைதீன் அண்ணன் நம்ம ஆள்தானே என்று அவரை மட்டும் கேட்கவில்லை. இன்று மத்தியானம் வாக்கெடுப்பு. அதற்கு அரை மணி முன்னால், சாப்பிடும்போது, சாம்பாரில் உப்பு இல்லை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஏழு கைதான் எழும்பிற்று. "எனக்கும் ஒரு ஓட்டு உண்டும்லா வே" என்று அண்ணன் கரண்டியைக் கழுவப் போய்விட்டார்.

அத்தான், அந்தப் புள்ள ரெண்டு வருஷமா எனக்காகக் காத்திருக்கு. அவ படத்த எடுத்துப் பாக்கவே எனக்கு வெக்கமா இருக்கு. கையெழுத்துப் போடும் அதிகாரம் இருந்தும் என் லீவை நானே கெடுத்தேன் என்று அவளிடம் எந்த முகத்தோடு சொல்வேன்? போதகர் ஐயாவிடம் சொல்லி, கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பதை நிறுத்துங்கள், கல்யாணத்தை ஈஸ்டருக்குப் பிறகு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் முத்தங்கள். கர்த்தர் உங்கள் எல்லோரையும் வீட்டோ இல்லாமல் ஆசீர்வதிப்பாராக.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
வே. செல்வசிங்
(ஜனாதிபதி)

பி.கு: உறையை ஒட்டுவதற்குள் கௌஸ் முகைதீன் அண்ணன் வந்து ஆழ்வார் சார் முன்னால் கையைத் தூக்கிவிட்டார். "இவரு ஒரு மாசம் இல்லன்னா அடுக்களையில நிம்மதியா நிப்பேன். போய்த் தொலையட்டும்" என்றார். எட்டு ஆகிவிட்டது! பதினெட்டாம் தேதி விமானம். ஆகவே மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். ஆனால் அதற்குள் இரண்டு வெள்ளிக்கிழமை இருக்கிறது, வெள்ளிக்கிழமைதோறும் காங்கிரஸ் கூடும். அதனால் இதைத் தபாலில் போட்டுவைக்கிறேன். கடிதம் ஊருக்கு வர மூன்று வாரம் ஆகும். நான் வந்திருந்தால் உங்கள் கையிலிருந்து இதைப் பிடுங்கிக் கிழித்திருப்பேன். இந்த வரி வரைக்கும் யாரும் பிடுங்கவில்லை என்றால், அத்தான், போதகர் ஐயாவைப் போய்ப் பாருங்கள்.