மூன்று காரணங்களும் திறந்து கிடந்த வேலிக் கதவும்

ப்ரான்வினின் பண்ணை,
நவம்பர், அறுவடைக்கு நடுவில்.

அன்புள்ள தம்பி கேரத்துக்கு,

நலம். நீயும் டெஸ்ஸாவும் ஹ்யூவும், வால் இல்லாத உங்கள் நாயும் நலமாயிருக்க வேண்டுகிறேன். கிணற்றுப் பம்பு மறுபடி ஓடுகிறதா? இங்கே கோதுமை நன்றாக விளைந்திருக்கிறது. வெயில் எல்லோரையும் வாட்டுகிறது. ஈக்களுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

ஈஸ்டருக்கு வந்திருந்தபோது, ஆட்டுக்கறியைத் தணலில் திருப்பிப் போட்டுக்கொண்டே என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "அக்கா, காலம் பூரா பிள்ளைங்களுக்கு எழுதச் சொல்லிக் குடுத்தவ நீ. ஹ்யூவுக்குப் பத்து வயசாச்சு. வீட்லயே எழுத்துப் பாடம் நடத்த எந்தப் புத்தகம் வாங்கலாம்? ஒரே வார்த்தையில சொல்லு." என் வாயில் கறி இருந்ததால் பதில் சொல்லவில்லை. நீயும் மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. இதோ பதில். ஒரு வார்த்தையில் அடங்கவில்லை, பொறுத்துக்கொள்.

ஓய்வு பெற்று நம் தங்கை ப்ரான்வின் வீட்டுப் பின்னறைக்கு நான் வந்து சேர்ந்தது உனக்குத் தெரியும். பக்கத்து ஊர்ப் பள்ளியை மூடியதிலிருந்து ப்ரான்வின்தான் இரண்டு பிள்ளைகளுக்கும் வீட்டில் பாடம் நடத்துகிறாள். கணக்கு, வரலாறு எல்லாம் ஒழுங்காகப் போகிறது. எழுத்தில்தான் வண்டி நின்றுவிட்டது. ஒன்பது வயது நெட் கேட்பதற்கு முன்பே எழுதிவிடுவான். ஆனால் எதை எழுதினாலும் கடைசியில் எல்லாம் வெடித்துச் சிதறும். பதினோரு வயது இமோஜன் பேச ஆரம்பித்தால் ஆட்டு மந்தையே நின்று கேட்கும். கையில் பென்சிலைக் கொடுத்தால் ஊமையாகிவிடுவாள். ஒரு வரி எழுதுவாள், ஜன்னலைப் பார்ப்பாள், அந்த வரியையும் அழிப்பாள். போன வருடம் கல்வித் துறையிலிருந்து வந்த ஆய்வாளர் மிஸஸ் பிரிட்ச், மிக மரியாதையாக, "எழுத்தில் முன்னேற்றம் தெரியவில்லை, அடுத்த முறை பார்க்க வேண்டும்" என்று குறித்துவிட்டுப் போனார். இந்த முறையும் தெரியாவிட்டால் வீட்டுப் பாடத்துக்கான அனுமதி போய்விடும். இரண்டு பிள்ளைகளும் விடியும் முன்னே பஸ் ஏறி டவுனுக்குப் போக வேண்டும். ப்ரான்வின் பாத்திரம் கழுவிக்கொண்டே ஒரு நாள் கேட்டாள்: "அக்கா, எம்பொண்ண நானே கெடுத்துட்டேனா?" அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதே தட்டைத்தான் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஆகவே புத்தகம் தேடினோம். வீட்டில் பாடம் நடத்தும் தாய்மார்கள் மாதம் ஒரு தடவை டவுன் மண்டபத்தில் கூடுவார்களே, அங்கே கேட்டோம். நல்ல பத்திகளைப் பார்த்து எழுத வை, கை தானே பழகும் என்றாள் ஒருத்தி. ஒன்றும் செய்யாதே, தோன்றும்போது எழுதுவார்கள் என்றாள் இன்னொருத்தி. அவள் மகனுக்குப் பதினான்கு வயது, இன்னும் தோன்றவில்லையாம். மூன்றாமவள் அமெரிக்காவிலிருந்து வரும் ஒரு பெட்டியைச் சொன்னாள். ஆசிரியருக்கு ஒரு புத்தகம், பிள்ளைக்கு ஒன்று, வண்ண வண்ணமாகச் சரிபார்ப்பு அட்டைகள். "அதுலயே எல்லாம் இருக்கு, நீங்க யோசிக்கவே வேணாம்" என்றாள். முப்பது பிள்ளைகளை ஒரே அறையில் வைத்து யோசித்துக் களைத்தவள் நான். யோசிக்க வேண்டாம் என்றதும் மயங்கிவிட்டேன். பெட்டி வந்தது. ஆசிரியர் புத்தகம் மட்டும் ஒரு செம்மறிக் குட்டியின் எடை இருக்கும். இந்த எடையை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வருகிறது.

முதல் பாடம்: டிசம்பர் காலையில் நீ செய்த பனிமனிதனை வருணி. நமக்கோ டிசம்பர் என்றால் கொளுத்தும் கோடை; வெளியே நாய் நிழலைத் தேடி லாரிக்கடியில் நுழைந்துகொண்டிருந்தது. பத்தியில் ஓர் உவமை, ஒரு வலுவான வினை, 'ஏனென்றால்' என்று ஒரு காரணம், எல்லாம் வர வேண்டும் என்றது அட்டை. நெட் ஒரே வரியில் முடித்துவிட்டான்: "பனிமனிதன் ஆட்டைப் போல முறைத்து வெடித்தான், ஏனென்றால் வெயில்." அட்டைப்படி முழு மதிப்பெண் தம்பி! நான் என்ன செய்ய? இமோஜன் 'பனி' என்று எழுதி அழித்தாள். இரண்டாம் பாடம், இலையுதிர் காலம். நம் யூகலிப்டஸ் மரங்கள் இலையை விட்டுப் பட்டையைத்தானே உதிர்க்கும்? மூன்றாம் பாடம், மஞ்சள் நிறப் பள்ளி பஸ். பஸ் என்ற சொல்லைக் கேட்டதும் ப்ரான்வின் கோழிக்குத் தீனி வைக்க எழுந்து போய்விட்டாள். கோழிகள் அன்று மூன்றாம் முறையாகச் சாப்பிட்டன.

சரி, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று கத்தரிக்கோலை எடுத்தேன். பனியை வெட்டிப் புழுதிக்காற்றை ஒட்டினேன், பஸ்ஸை வெட்டி டிராக்டரை ஒட்டினேன். "அக்கா, இதுல புத்தகம் எங்க இருக்கு? எல்லாம் உன் பசைதான் இருக்கு" என்றாள் ப்ரான்வின். அவள் சொன்னது நியாயம். அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் பிடித்துத் தைக்கும்போது கையைக் குறைக்கலாம், நீளத்தைக் குறைக்கலாம்; கழுத்தையும் வெட்டிவிட்டால் அது சட்டையே இல்லை. அந்தப் புத்தகத்தின் கழுத்து என்ன என்று உட்கார்ந்து தேடினேன். முதலில் சொல்ல வந்ததைச் சொல், பிறகு காரணம் சொல், பிறகு முடி. அவ்வளவுதான். அதை மட்டும் வைத்துக்கொண்டோம். யோசிப்பது ஒரு நாள், வாயால் சொல்வது ஒரு நாள், எழுதுவது ஒரு நாள், திருத்துவது வேறு நாள் என்று பிரித்தோம். நெட்டுக்கு ஒரு சலுகை: வாரம் ஒரு வெடிக்கு அனுமதி. அவன் அதைக் கடைசி வரிக்கென்று சேமித்து வைக்கக் கற்றுக்கொண்டான். அவன் எழுத்து தேறியது. இமோஜன் வாயால் நன்றாகச் சொன்னாள். பென்சில் மட்டும் நகரவில்லை. அதற்குள் மிஸஸ் பிரிட்ச் வரும் நாளும் வந்துவிட்டது, நேற்று.

அன்றைய பாடம், கருத்தும் காரணங்களும். புத்தகம் கொடுத்த தலைப்பு, பள்ளிச் சீருடை தேவையா? இமோஜன் இரவு உடையிலேயே உட்கார்ந்திருந்தாள். "பெரியம்மா, என் யூனிஃபார்ம் இதுதான். இதுல என்ன கருத்து வேண்டிக் கெடக்கு?"

"அப்ப உனக்கு எது வேணுமோ அதப் பத்திச் சொல்லு. முதல்ல வாயால சொல்லு."

"யாரப் பத்தி வேணும்னாலும் சொல்லலாமா?"

"தாராளமா" என்று சொல்லி, ஆசிரியர் புத்தகத்தை மேஜைமேல் வைத்தேன். வயலில் இருப்பவர்களோடு பேசும் சமையலறை ரேடியோவின் பேச்சுக்கருவி அங்கே கிடந்தது, சோறு தயார் என்று நெட் தன் அப்பா ரஸ்ஸிடம் சொல்லிவிட்டு வைத்தது. செம்மறிக் குட்டி எடையுள்ள புத்தகம் அதன் பொத்தானை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. அறுவடைக் காலத்தில் சுற்றுப் பண்ணை எல்லாவற்றுக்கும் ஒரே அலைவரிசை. ஒருவர் அமுக்கிவிட்டால் மற்றவர் வாய் திறக்க முடியாது. எல்லோரும் கேட்கத்தான் வேண்டும்.

"பக்கத்துப் பண்ணை மர்ரே மாமா வேலிக் கதவைத் திறந்துபோட்டுட்டுப் போகக் கூடாது" என்று ஆரம்பித்தாள் இமோஜன், அசல் புத்தகக் கணக்கில். "முதல் காரணம், எங்க ஆடு கோதுமைக்குள்ள பூந்து, கண்டபடி தின்னு வயிறு வீங்கிச் சாகப் பாத்துச்சு. ரெண்டாவது, கடா பெட்டை ஆடுங்களோட சேந்துருச்சு. இனி மேய்ச்சல் இல்லாத மாசத்துல குட்டி போடும். மூணாவது, கதவு திறந்திருக்கிறதப் பாத்தா அம்மா சில வார்த்தை சொல்றாங்க. அத நெட் கத்துக்கிறான். திறந்து இருந்துச்சுன்னா திறந்தே விட்டுப் போகணும், மூடி இருந்துச்சுன்னா மூடணும். இது ரெண்டு வயசுக் கொழந்தைக்கே தெரியும். ஆகவே மர்ரே மாமா ரெண்டு வயசுலேர்ந்து மறுபடி ஆரம்பிக்கணும்."

அருமை என்று கைதட்டிவிட்டு, அடுத்த பக்கம் பார்க்கப் புத்தகத்தைத் தூக்கினேன். ரேடியோ கரகரத்தது.

"முதல் காரணம் சரி" என்றது மர்ரேவின் குரல். "ரெண்டாவதுதான் இடிக்குது, கண்ணு. அந்தக் கடா உங்களதா, எங்களதா? எங்களதுன்னா நீங்கதான் எனக்கு நன்றி சொல்லணும்."

அலைவரிசை முழுக்கச் சிரிப்பு. ரஸ் அறுவடை இயந்திரத்திலிருந்து, "மர்ரே, மூணாவதுக்குப் பதில் சொல்லுய்யா!" என்றார். நான் நெற்றியில் கை வைத்துக்கொண்டேன். ப்ரான்வின் சுவரோடு சுவராக நின்றாள். இமோஜனின் காது சிவந்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் மேஜைக்கடியில் கைவிட்டுப் பென்சிலை எடுத்தாள்.

"என்னம்மா பண்ற?"

"வாயால சொன்னா அவரு நடுவுல பூந்து பேசுவாரு, பெரியம்மா. எழுதி வெச்சுக்கிட்டா ஒரே மூச்சுல படிச்சிடலாம்."

தம்பி, என் வகுப்புகளில் எழுத்து எதற்கு என்று எத்தனையோ விளக்கம் கொடுத்திருக்கிறேன். இதைவிட நல்லதாக ஒன்றும் நினைவில்லை.

அவள் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தபோதுதான் வாசலில் மிஸஸ் பிரிட்ச். ப்ரான்வின் அவசரமாக ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். இமோஜன் நிமிரவில்லை. "ஒரு நிமிஷம் இருங்க, ப்ளீஸ். மர்ரே மாமா பதிலுக்குக் காத்திருக்காரு."

மிஸஸ் பிரிட்ச் உட்கார்ந்தார். தேநீர் ஆறியது. பிறகு மெல்லச் சொன்னார்: "என் வண்டியிலயும் ரேடியோ இருக்கு. வேலிக் கதவ மூடிட்டுத்தான் வந்தேன்."

முழுப் பக்கம். இமோஜன் அதை ரேடியோவில் வாசித்தாள். மர்ரே தோல்வியை ஒப்புக்கொண்டு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு தலைப்பு கேட்டார். மிஸஸ் பிரிட்ச் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்து, அனுமதியை நீட்டித்து, கீழே ஒரு குறிப்பு எழுதினார்: "முன்னேற்றம் தெரிகிறது. அண்டை வீட்டாருக்கும் தெரிகிறது." ப்ரான்வின் அவரை வழியனுப்பிவிட்டு வந்து கோழிகளுக்கு மறுபடி தீனி வைத்தாள், இந்த முறை பாடிக்கொண்டே.

டெஸ்ஸாவுக்கு என் அன்பு. ஹ்யூவுக்கு ஆசிகள். உங்கள் பக்கம் மழை பெய்யட்டும். எங்கள் பக்கம் அறுவடை முடியும்வரை பொறுக்கட்டும்.

உன் அக்கா,
மெரிடித்

பின்குறிப்பு: உறையில் போடும் முன் இமோஜன் இந்தக் கடிதத்தை வாங்கி, வண்ண அட்டையை வைத்துச் சரிபார்த்துவிட்டாள். "சொல்ல வந்தத முதல்லயே சொல்லல. கேட்ட கேள்விக்குப் பதிலும் இல்ல. திரும்ப எழுதுங்க" என்கிறாள். அந்த அமெரிக்கப் புத்தகம் நல்ல புத்தகம்தானாம், நான்தான் பசையைக் குறைத்திருக்க வேண்டுமாம், அடுத்த நிலையும் வேண்டுமாம். இன்னொன்று. இன்று காலை வேலிக் கதவு திறந்து கிடந்தது. நேற்றுக் கடைசியாக அதன் வழியே போனவர் மிஸஸ் பிரிட்ச். கல்வித் துறைக்கே அனுப்புவதற்கு இமோஜன் இரண்டு காரணங்களை எழுதி முடித்துவிட்டாள். ஒரு வருடமாக எழுது எழுது என்று கெஞ்சிய ப்ரான்வின் வீட்டிலுள்ள பென்சில்களையெல்லாம் இப்போது மாவு டப்பாவில் ஒளித்து வைக்கிறாள். ஆகவே புத்தகம் வாங்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நாளைக் காலை ஹ்யூவிடம், இந்த வீட்டில் உனக்கு நியாயமில்லை என்று படுவது எது என்று கேள். அவன் சொல்லச் சொல்ல, நடுவில் ஒரு வார்த்தையும் திருத்தாமல், நீ எழுதிக்கொள்.