விமானத்துக்குக் கால் முளைத்த கதை

ஹச்சிசுகா பொம்மை நிறுவனத்தின் தலைவர் மேசைமேல் விரித்திருந்த படத்தைப் பார்த்தார். கண்கள் அகலமாயின. மோவாய் ஒருமுறை மெல்லக் கீழே இறங்கியது. பிறகு தலை இடப்பக்கம் சாய்ந்து அப்படியே நின்றது. பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சி, "ஸ்ஸ்..." என்றார். கூட்டம் முடிந்துவிட்டது.

வேறு ஊராக இருந்தால், "என்ன ஐயா, ஏதாவது குறையா?" என்று யாராவது ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள். இது டோக்கியோ. இங்கே பெரிய மனிதர் தலையைச் சாய்த்து 'ஸ்ஸ்' என்றால், 'எனக்குப் பிடிக்கவில்லை, அதை என் வாயால் சொல்ல வைக்காதே' என்று பொருள். அதற்கு மேல் கேட்பவன் மரமண்டை. ஆகவே அறையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து, இடுப்பு ஒடிய வணங்கி, படத்தைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

உபுகாதாவுக்குத்தான் கால் நகரவில்லை. அது அவன் வரைந்த படம்.

பல வருடங்களாக, தொலைக்காட்சிக் கார்ட்டூன் தொடர்களுக்காக மற்றவர்கள் வடிவமைத்த இயந்திர மனிதர்களுக்கு முழங்காலும் முழங்கையும் வரைந்து கொடுத்தே அவன் காலம் கழிந்திருந்தது. இப்போதுதான் முதல் முறையாக ஒரு முழுப் போர்விமானம் அவன் கைக்கு வந்திருந்தது. அதற்கு 'சுபாமே' என்று குருவியின் பெயரை வைத்திருந்தான். வானத்தில் விமானம், தரையில் இயந்திர மனிதன். பின்னாலிருக்கும் இரண்டு எஞ்சின்களும் கீழே மடங்கினால் கால்கள், மூக்கு வளைந்தால் மார்பு, இறக்கைகள் முதுகோடு படிந்துவிடும். மரத்தில் செதுக்கி, கீல் வைத்து, மடக்கி விரித்துப் பார்த்துவிட்டான். பொய் சொல்லாத விமானம் அது.

அந்தத் தொழிலில் பொய் சொல்லாத விமானம் அபூர்வம். மற்ற படக்கம்பெனிகளில் விமானம் ஆளாக மாறும்போது ஒரு மின்னல் வெட்டும், கொஞ்சம் புகை வரும், புகை விலகினால் கையும் காலுமாக நிற்கும். கை எங்கே இருந்தது என்று கேட்டால், "கொழந்தைங்கதானே பாக்குது" என்பார்கள். குழந்தைகளை இவ்வளவு கேவலமாக நினைக்கிறவர்கள்தான் குழந்தைகளுக்கான தொடர்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள்மேல் உபுகாதாவுக்கு இருந்த இளக்காரம் கொஞ்சநஞ்சம் அல்ல.

தொடரின் தொடக்கப் பாட்டில் அவன் பெயர் தனியாக வரப்போகிறது. மொரியோகாவில் இருக்கும் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்லியாகிவிட்டது. அம்மா தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

"இப்ப என்ன பண்றது?" என்றான் தயாரிப்பாளர் நிஷிவாக்கியிடம். நிஷிவாக்கி, யார் எதைச் சொன்னாலும் அதற்கு முன்பே தலையாட்டிவிடும் ஜாதி. பொம்மை நிறுவனம் பணம் போட்டால்தான் தொடர். அதனால் அவர் தலை சமீபகாலமாக ஓய்வில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது.

"தொகாவா சார் சொல்லுவாருய்யா. அவருக்குத்தான் தலைவரோட மனசு தெரியும்."

தொகாவா பொம்மை நிறுவனத்தின் திட்டப் பிரிவுத் தலைமை. தலைவரின் தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் அவருடைய உண்மையான வேலை. அதற்கு ஒரு தனி அறையும் கொடுத்திருந்தார்கள். எதிரே இருந்த காபிக் கடையில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஆரம்பித்தார்.

"தலைவரு எந்தப் பக்கம் சாச்சாரு, பாத்தீங்களா? எடது. எடதுன்னா காலு."

"எடதுன்னா காலா? யாரு சார் சொன்னது?"

"தம்பி, நான் இந்தத் தலைய எத்தன வருசமாப் பாக்கறேன்! போன தடவ எடது பக்கம் சாச்சப்ப, ரயில் பொம்மைக்குச் சக்கரம் சின்னதுன்னு அர்த்தம்."

"அவரே சொன்னாரா?"

"அவரு எதுக்குச் சொல்லணும்? நாங்க சக்கரத்தப் பெருசாக்கினோம். அவரு ஒண்ணும் சொல்லல. அப்ப சரின்னுதானே அர்த்தம்?"

நிஷிவாக்கியின் தலை ஆடியது. "காலுதான்யா. எனக்கே கொஞ்சம் ஒல்லியாத்தான் பட்டுச்சு."

உபுகாதா ஸ்டுடியோவுக்குத் திரும்பிக் கால்களைத் தடிமனாக்கினான். மனிதனாக நின்றபோது பார்க்கச் சகித்தது. விமானமாக மடக்கியபோது, வயிற்றுக்கடியில் மிசோ விழுது ஊறப்போடும் பீப்பாய்கள் இரண்டைக் கட்டிக்கொண்டு பறப்பதுபோல் இருந்தது.

அடுத்த கூட்டத்தில் அறைக்குள் நுழைந்ததும் தைல வாடை மூக்கைத் துளைத்தது. யாரோ வயசான அதிகாரியாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டான். தலைவர் படத்தைப் பார்த்தார். தலை முன்பைவிட அதிகமாகச் சாய்ந்திருந்தது. "ஸ்ஸ்ஸ்..." என்ற சத்தமும் முன்பைவிட நீளம்.

"எறக்க," என்றார் தொகாவா காபிக் கடையில், ஒரு சந்தேகமும் இல்லாமல். "அவ்வளவு பெரிய காலத் தூக்கிட்டுப் பறக்க எறக்க பத்தாதுன்னு பாத்த ஒடனே கண்டுபிடிச்சிட்டாரு பாருங்க. அதான் தலைவருங்கறது!"

"கால நீங்கதானே சார் பெருசாக்கச் சொன்னீங்க?"

"நான் எங்கப்பா சொன்னேன்? தலைவரு சொன்னாரு."

இறக்கை பெரிதானது. ஆளாக மாறும்போது முதுகில் படிய இடமில்லாமல் தரையைக் கூட்டியது. சரி, இறக்கைகளை மடித்துக் கைகளில் கேடயமாக மாட்டலாம் என்று பார்த்தால், அந்தக் கனத்தைத் தாங்கப் பெரிய கைகள் வேண்டியிருந்தன. பெரிய கைகளை விமானத்துக்குள் ஒளித்துவைக்க இருந்தது ஒரே இடம். உபுகாதா அங்கே ஒளித்தான்.

அந்த உருமாற்றத்தைத் திரையில் அசைய வைக்க வேண்டியவள் அனஸாவா. ஸ்டுடியோவில் அவளுடைய பென்சிலுக்கும் வாய்க்கும் எல்லோரும் பயப்படுவார்கள். ஒருமுறை வரைந்தால் அதே காட்சியை வாராவாரம் போடுவார்கள் என்பதால், அசிங்கமாக வந்தால் அந்த அசிங்கமும் வாராவாரம் வரும். அவள் புதிய படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சென்பெய் என்ற அரிசி அப்பளம் ஒன்றை நறுக்கென்று கடித்தாள்.

"உபுகாதா, எனக்கு ஒண்ணு புரியல. விமானம் ஆளா மாறுது. ரெண்டு கையும் உள்ள இருந்து வெளிய வருது. சரியா?"

"சரிக்கா."

"உள்ளன்னா, ஓட்டறவன் ஒக்காந்திருக்கற எடம்தானே?"

உபுகாதா படத்தைப் பார்த்தான். காது சூடானது.

"வாராவாரம் ஒருத்தன நசுக்கிக் கொல்லப் போறியா? இல்ல, வாராவாரம் புது ஆள் வருவானா?"

"தலைவருக்கு எறக்க பெருசா வேணுமாம்க்கா."

"அவரு சொன்னாரா?"

"தலையச் சாச்சாரு."

"எங்க வீட்டுப் பூனகூடத்தான் சாய்க்குது. அதுக்கும் ஒரு விமானம் வரஞ்சு குடேன்!"

அவனுக்கு ரோஷம் வந்தது. ஓட்டுபவனை இயந்திர மனிதனின் தலைக்கு மாற்றினான். ஆளாக நிற்கும்போது அருமையாக இருந்தது. விமானமாக மடங்கும்போது அந்தத் தலை வாலுக்கு அடியில் போய்த் தொங்கியது. அதாவது, நாட்டைக் காக்கப் புறப்பட்ட வீரன், பின்பக்கம் பார்த்துக்கொண்டு, தலைகீழாகப் பறந்தான்.

இனி எது வந்தாலும் நேராகக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்துதான் மூன்றாம் கூட்டத்துக்குப் போனான். தைல வாடை கண்ணைக் கரித்தது. தலைவர் முதுகை விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவன் படத்தைப் பார்த்ததும் திடுக்கிட்டாற்போல, "அந்த மொத..." என்று ஆரம்பித்தார். உடனே முகம் கோணியது. "ஸ்ஸ்ஸ்ஸ்..." என்று முடித்தார்.

உபுகாதா வாயைத் திறந்தான். "ஐயா, தப்பா நெனைக்கக் கூடாது. எங்க..."

மேசைக்கடியில் நிஷிவாக்கியின் செருப்பு அவன் கால் விரல்களை நசுக்கியது. "திருத்திக் கொண்டு வர்றோம் ஐயா!" என்று கத்தி, மேசையில் நெற்றி இடிக்க வணங்கினார் நிஷிவாக்கி. அப்புறம் எல்லோரும் வணங்கினார்கள். வணங்குகிற கூட்டத்தில் ஒருவன் மட்டும் நிமிர்ந்து நின்று கேள்வி கேட்க, அதற்கு வேறு பிறவி எடுத்து வர வேண்டும். அவனும் வணங்கினான்.

"மூஞ்சி!" என்றார் தொகாவா. "தலைவரே வாயத் தொறந்து சொல்லிட்டாரே! 'அந்த மொத'ன்னா மொத எடத்துல, முன்னால. அதாவது மூக்குல. விமானத்தோட மூக்குல ஒரு மூஞ்சி வேணும்."

"போர்விமானத்துக்கு மூஞ்சியா?"

"சிரிச்ச மூஞ்சி."

"சார், அது சண்ட போடற விமானம்!"

"சிரிச்சுக்கிட்டே சண்ட போடட்டுமே. யாரு வேணாங்கறது?" என்று தொகாவா மீதிக் காபியை உறிஞ்சினார்.

அன்று மாலை உபுகாதா அனஸாவாவின் மேசைக்கு எதிரே வந்து நின்றான். கையில் படம். பீப்பாய்க் கால்கள், தரையைக் கூட்டும் கேடயங்கள், வாலுக்கடியில் தலைகீழாக ஒரு வீரன், முன்னால் பல் தெரியச் சிரிக்கும் மூக்கு. அவன் செதுக்கிய மரச் சுபாமே அவளுடைய மேசை ஓரத்தில்தான் நின்றிருந்தது. அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"இத நான் எப்படிப்பா அசைக்கறது?" என்றாள் அவள். இந்தத் தடவை குரலில் கிண்டல் இல்லை. "இந்தக் காலு இங்க வரணும்னா இந்தக் கையத் துளச்சுக்கிட்டுத்தான் வரணும்."

உபுகாதா படத்தைச் சுருட்டினான். மறுபடி விரித்தான்.

"நடுவுல," என்றான் கடைசியில், "கொஞ்சம் புகை போட்டுக்குங்கக்கா."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கடிக்க எடுத்த சென்பெய்யைத் திரும்பப் பைக்குள் போட்டாள். சொல்லிவிட்டு அவனுக்கே வெட்கமாக இருந்தது.

கடைசிக் கூட்டத்துக்கு அவன் தூக்குமேடைக்குப் போகிறவன் போலத்தான் போனான். அறையில் வாடையே இல்லை. யாரோ ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தான். தலைவர் மலர்ந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். படத்தை விரித்தார்கள்.

தலைவரின் தலை நேராக நின்றது.

தொகாவா மூச்சுப் பிடித்தார். தலைவர் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெதுவாக மோவாயைக் கீழே இறக்கினார். மேலே ஏற்றினார். மறுபடி இறக்கினார். இடமும் வலமும் திருப்பிப் பார்த்தார். முகமெல்லாம் ஆனந்தம். பிறகு நிறுத்தாமல் தலையாட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"ஒத்துக்கிட்டாரு!" என்று தொகாவா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நிஷிவாக்கி அழுதேவிட்டார். அடுத்த நிமிடமே முத்திரைகள் வந்தன. பிரிவுக்கு ஒரு முத்திரை, சிவப்பு மையில் படத்தின் ஓரமெல்லாம் வட்டம் வட்டமாக விழுந்தன. தொகாவா அங்கிருந்தே தொழிற்சாலைக்குத் தொலைபேசி செய்து பொம்மைக்கான அச்சை வெட்டச் சொன்னார். இரும்பில் வெட்டிய அச்சை அப்புறம் யாராலும் மாற்ற முடியாது. தலைவர் இத்தனைக்கும் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. கழுத்தை முன்னும் பின்னும் அசைத்து ரசித்துக்கொண்டிருந்தார்.

உபுகாதா படியிறங்கி வாசலுக்கு வந்தான். இனி வாராவாரம் தொடக்கப் பாட்டில் அந்தச் சிரிக்கும் மூக்கு வரும், அதற்குக் கீழே அவன் பெயர் மட்டும் தனியாக வரும். மொரியோகாவில் தெருவே கூடி உட்கார்ந்து பார்க்கும். அம்மாவிடம் ஏன்தான் சொன்னோமோ என்று இருந்தது. ஆனாலும் உள்ளே ஓர் ஓரத்தில், அவ்வளவு பெரிய மனிதருக்கு அவ்வளவு பிடித்துவிட்டதே, ஒருவேளை நமக்குத்தான் ரசனை போதவில்லையோ என்று ஒரு சபலமும் எட்டிப் பார்த்தது. மனிதன் எதிலிருந்து வேண்டுமானாலும் ஆறுதல் தேடிக்கொள்வான்.

வாசலில் தலைவரின் காரைத் துடைத்துக்கொண்டிருந்த ஓட்டுநர் மோகி, அவனைப் பார்த்ததும் துணியை உதறிவிட்டு வணங்கினார்.

"நீங்கதானே விமானம் வரையற தம்பி? வாழ்த்துகள்! ஐயா இன்னைக்குக் காலையில இருந்து ஒரே குஷி. வர்ற வழியெல்லாம் தலைய ஆட்டிக்கிட்டே வந்தாருன்னா பாத்துக்குங்க."

"வர்ற வழியிலயா?" உபுகாதாவுக்குப் புரியவில்லை. "படத்தையே இப்பத்தானே பாத்தாரு? அதுக்குள்ள என்ன அவ்வளவு சந்தோஷம்?"

மோகி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சிரித்தார். "பின்ன என்னங்க, மொத நாளு உங்க குருவிப் படத்தப் பாத்து அப்படியே சொக்கிப்போயி, 'ஆகா, இதான்'னு தலையாட்டப் போனாரு, அப்பப் புடிச்ச கழுத்து இன்னைக்குக் காலையிலதாங்க விட்டுச்சு!"