கண்ணாடிக்காரரின் மூட்டையும் மனைவியின் கைப்பையும்

கடைக்குப் பின்னால் சாக்கடை அடைத்துக்கொண்ட அன்றுதான் கண்ணாடிக்காரருக்கு ஞானோதயம் வந்தது. அடைப்பெடுக்க வந்தவர் நீளக் கம்பியை விட்டு இழுத்து இழுத்து வெளியே போட்டதெல்லாம் டீக் கப், கப் மூடி, உறிஞ்சுகுழல், பிளாஸ்டிக் கரண்டி. கூடவே மூக்குக் கண்ணாடிக் கடையின் பெயர் பளிச்சென்று அச்சடித்த பைகள். தெருவே நின்று படித்தது. கடைக்கு அதுவரை அப்படி ஒரு விளம்பரம் கிடைத்ததில்லை.

அன்று சாப்பிட உட்கார்ந்ததும் மனைவியிடம் அறிவித்துவிட்டார். இனி இந்தக் குடும்பம், ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடுகிற எதையும் தொடாது. குடும்பம் என்றால் அவரும் அவளும்தான்.

அவள் நர்ஸ். பிள்ளை பெற்ற பெண்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்து வருகிற வேலை. பகல் முழுக்க பஸ்ஸும் நடையும். அவரோ மாடியில் குடியிருந்து கீழே கடை நடத்துகிறவர். அவருடைய பயணம் மொத்தமும் ஒரு மாடிப்படிதான். ஆனாலும் வெளியே போகிற இடத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அவளுக்கு அவர்தான் வகுப்பெடுத்தார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். அது அவரை உசுப்பிவிட்டது. பந்தயம் கட்டினார்.

அடுத்த வாரம் அவளுடைய அண்ணன் வீட்டுக்குப் பகல் ரயிலில் போகிறார்கள். வழியில் யார் முதலில் பிளாஸ்டிக்குக்குக் கை நீட்டுகிறார்களோ, அவர்தான் இனி வீட்டில் உள்ள பாட்டில், டப்பா அத்தனையும் கழுவ வேண்டும்.

"இப்ப யார் கழுவுறாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"நீதான். அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. சரின்னு சொல்ல வந்தேன்."

ஊருக்கெல்லாம் பார்வை பார்த்துக் கண்ணாடி போடுகிறவருக்கு, இந்தப் பந்தயத்தில் அவள் இழப்பதற்கு எதுவுமே இல்லை என்பது மட்டும் கண்ணில் படவில்லை.

வாரம் முழுக்க வாங்கிக் குவித்தார். பீரங்கிக் குண்டு மாதிரி ஒரு தண்ணீர் பாட்டில். மூன்றடுக்கு டப்பா. மடக்குக் கப். மூங்கில் கரண்டி, மூங்கில் முள்கரண்டி. எஃகு உறிஞ்சுகுழல், அதைக் கழுவ ஒரு குட்டிப் பிரஷ், பிரஷ்ஷை வைக்க ஓர் உறை. துணிப்பைகள் மட்டும் ஒன்றுக்குள் ஒன்றாக எத்தனை என்று அவருக்கே தெரியாது. எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டி முதுகில் ஏற்றி நடந்தபோது, பாத்திரக்கடை ஒன்று வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போவது போலச் சத்தம் கேட்டது. அவள் வேலைக்கு எடுத்துப் போகும் அதே கைப்பையோடு வந்தாள். பக்கவாட்டுப் பையில் ஒரு பாட்டில் செருகியிருந்தது. அவ்வளவுதான். பாவமாக இருந்தது அவருக்கு.

ரயில் கிளம்பியதும் டீக்காரர் பிளாஸ்டிக் கப் அடுக்கோடு வந்தார். இதோ விழப்போகிறாள் என்று கண்ணாடிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் பைக்குள் கைவிட்டாள். சின்னத் துண்டு ஒன்றில் சுற்றிய எவர்சில்வர் டம்ளர் வந்தது. டீக்காரர், தினமும் பார்க்கிற ஆளைப் போல அதை வாங்கி நிரப்பிக் கொடுத்தார். கண்ணாடிக்காரர் தம்முடைய மடக்குக் கப்பை விரித்து நீட்டினார். டீ விழுந்த வேகத்தில் கப் பழையபடி மடங்கிக்கொண்டது. கப் மடங்கியதும் அவரும் கப்சிப். தொடையில் கொட்டிய டீயை அவள் அந்தத் துண்டால் ஒற்றி எடுத்தாள்.

பிறகு அவர் பார்த்ததெல்லாம் அதிசயம். அதே துண்டை அலசி ஜன்னல் கம்பியில் கட்டினாள். காற்றில் காய்ந்ததும் மடியில் விரித்து அதன்மேல் ரொட்டியை வைத்துச் சாப்பிட்டாள். ஒரு நிலையத்தில் வண்டி நின்றபோது கூடைக்காரி கொய்யாப்பழத்தைப் பிளாஸ்டிக் பையில் போடப் போனாள். இவள் தோளில் கிடந்த துணியின் நான்கு முனைகளையும் ஏதோ ஒரு கணக்கில் முடிச்சுப் போட்டாள். கைப்பிடியோடு ஒரு பை ஆகிவிட்டது அது. பழத்தை வெட்டக் குட்டிக் கத்தி, காம்பையும் கழிவையும் போட மூடியுள்ள டப்பி. பையோ வந்ததைப் போலவே மெலிந்துதான் இருந்தது.

இதையெல்லாம் எப்போதிலிருந்து செய்கிறாய் என்று கேட்டார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து என்றாள். போகிற வீட்டில் கைக்குழந்தை இருக்கும், குப்பையை அங்கே விட்டுவிட்டு வர முடியுமா என்று சாதாரணமாகச் சொன்னாள். அவருக்குச் சாக்கடையிலிருந்து வந்த கப்புகள் நினைவுக்கு வந்தன. அத்தனையும் கடையில் உட்கார்ந்தபடி அவர் வரவழைத்துக் குடித்தவை. அவளுடையது ஒன்றுகூட இல்லை. இத்தனை வருஷம் கூடவே இருந்தவளை முதல்முறையாகக் கண்ணாடி போட்டுப் பார்ப்பது போல இருந்தது.

ஆனாலும் பந்தயம் பந்தயம்தான். அவளுடைய தண்ணீர் தீர்ந்துவிட்டால் பிளாஸ்டிக் பாட்டிலுக்குக் கை நீட்டித்தானே ஆக வேண்டும்?

அவள் ஜன்னலில் சாய்ந்து கண்ணை மூடினாள். அவர் அவளுடைய கைப்பையின் பக்கவாட்டில் செருகியிருந்த பாட்டிலை மெல்ல உருவினார். தண்ணீரைக் கீழே கொட்ட மனசு வரவில்லை. எதிரே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள் வேறு. அண்ணாந்து, கண்ணை இறுக மூடி, ஒரே மூச்சில் உள்ளே கவிழ்த்தார். நாக்கு விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பாட்டில் காலி.

உப்பு. கடலையே காய்ச்சி வடித்த மாதிரி உப்பு.

கத்த முடியாது. கத்தினால் திருட்டு வெளிச்சமாகிவிடும். காலிப் பாட்டிலை இருந்த இடத்தில் செருகிவிட்டுத் தம்முடைய பீரங்கியைத் திறந்து தீர்த்தார். தாகம் அதையும் குடித்துவிட்டு இன்னும் கேட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வண்டியோ எங்கும் நிற்கிற உத்தேசத்தில் இல்லை. அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் விற்கிறவர் பிளாஸ்டிக் பாட்டில்களைத் தோளில் சுமந்து வந்தார். கண்ணாடிக்காரர் மனைவியைப் பார்த்தார். கண் மூடியிருந்தது. தண்ணீர்க்காரரைத் தேவதூதர் மாதிரி நிறுத்தி, ஒரு பாட்டிலைப் பிடுங்காத குறையாக வாங்கி மூடியைத் திருகினார்.

பாதி குடித்துக்கொண்டிருக்கும்போது, "மெதுவாக் குடிங்க, புரையேறிடும்" என்று குரல் கேட்டது.

முழுசாக முழித்திருந்தாள். கைப்பைக்குள்ளிருந்து இன்னொரு பாட்டிலை எடுத்துத் தானும் நிதானமாக இரண்டு மிடறு குடித்தாள். நல்ல தண்ணீர். அவருக்கும் நீட்டினாள். அப்புறம் அந்தக் காலிப் பாட்டிலை எடுத்து ஆட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இதையா குடிச்சீங்க? இது குடிக்கிற தண்ணி இல்ல. தொண்டை கட்டினா கொப்பளிக்க உப்புக் கரைச்சு வச்சிருந்தேன்."

எதிரே இருந்தவர்கள் ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்தார்கள். கண்ணாடிக்காரர் பந்தயத்தை அங்கேயே ஒப்புக்கொண்டார். நாளையிலிருந்து எல்லாம் தாமே கழுவுவதாகச் சொன்னார். அவமானத்தைவிட ஆச்சரியம்தான் அவருக்குப் பெரிதாக இருந்தது. தொண்டைக்குக்கூட முன்னேற்பாடாகக் கிளம்பியிருக்கிறாளே என்று நெஞ்சு நெகிழ்ந்தது.

"தொண்டை எப்ப இருந்து கட்டியிருக்கு? என்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார் அக்கறையாக.

"எனக்கா?" என்றாள் அவள். "என் தொண்டை நல்லாத்தானே இருக்கு."