நிராமிஷ் பாபுவின் துடுப்பு

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஹாலில் மூன்று பேர் இருந்தார்கள். வெங்கட்ராமன் படகுக்குள் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி விசாலம் படகின் மூக்கில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் சுபிக்ஷா சாப்பாட்டு மேஜை மேல் சம்மணமிட்டு, லாப்டாப்பை மடியில் வைத்திருந்தாள். நாற்காலிகள் மொட்டைமாடியில் இருந்தன. லேக் மார்க்கெட் பக்கத்தில் மூன்றாவது மாடி ஃப்ளாட்டுக்குள் பன்னிரண்டு அடிப் படகு வந்தால் வேறு எதுவாவது வெளியே போகத்தானே வேண்டும்?

கயாக் என்று சொல்லப்படும் ஒற்றையாள் படகு அது. ஒரே துடுப்பு, அதன் இரண்டு முனையிலும் அலகு. இடது பக்கம் ஒரு தள்ளு, வலது பக்கம் ஒரு தள்ளு.

"இப்போ பாரு" என்று வெங்கட்ராமன் துடுப்பை வீசினார். அலகு தரைக்கு எட்டவில்லை. விரல் முட்டி படகின் விளிம்பில் இடித்தது. மறுமுனை டியூப்லைட்டைத் தொட்டு, நல்லவேளையாக உடைக்காமல் திரும்பியது.

"ஆ!"

"ஏன்னா, தண்ணி எங்கே இருக்கறதா நெனச்சுண்டு போடறேள்?"

"தரைதான் தண்ணி."

"படகு கொஞ்சம் முங்காதோ? தரைக்கு மேல நாலு விரக்கடை உயரத்துல தண்ணின்னு வெச்சுக்கோங்கோ." விசாலம் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "அப்பவும் இந்த அகலத்துக்கு இது எட்டாது. மடித்துணி உணர்த்தற கொம்புக்குக்கூட ஆகாது. ரெண்டரை மீட்டராவது வேணும்."

அவரைக்காய் நறுக்கிக்கொண்டே இவ்வளவு யோசிக்கிறாளே என்று வெங்கட்ராமனுக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் துடுப்பின் நீளத்தை மடித்துணிக் கொம்பை வைத்தா முடிவு செய்வது? அதற்கென்று சென்னையில் படகுச் சாமான் கம்பெனி இருக்கிறது. அதில் ஆலோசகராகத் தமிழரசன் என்று ஒருவர் இருக்கிறார். மறுபடி எழுதிக் கேட்டால் ஆயிற்று.

படகு எதற்கு என்பதுதான் எழுத முடியாத விஷயம்.

வெங்கட்ராமன் மன்னார்குடியில் படித்துவிட்டு, முப்பத்தோரு வருஷம் முன்பு கல்கத்தாவில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் வந்து சேர்ந்தவர். சேர்ந்த முதல் நாள் மதியம் மீன் குழம்பைத் தள்ளி வைத்ததிலிருந்து அங்கே அவருக்குப் பெயர் நிராமிஷ் பாபு, அதாவது சைவ ஐயா. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. ரிடையர் ஆக இன்னும் ஐந்து மாதம். போன மாதம் ஆபீஸ் சகா போஸ்-தா, அதாவது போஸ் அண்ணா, எல்லார் முன்னாலும் அறிவித்துவிட்டார்: "சோனார்ப்பூர் தாண்டி எங்க ஏரியில தூண்டில் போட்டி வருது. மீனைப் பிடிச்சு, அளந்து, திரும்பத் தண்ணியில விட்டுடணும். சாப்பிட வேண்டாம்ப்பா! நீ ஒண்ணே ஒண்ணு பிடி, அன்னியோட இந்தப் பேர் போச்சு. இல்லேன்னா ரிடையர்மெண்ட் கேக்கிலயும் அதைத்தான் எழுதுவோம்."

வெங்கட்ராமன் பெயர் கொடுத்துவிட்டார்.

ஆனால் விசாலம்? லேக் மார்க்கெட்டில் மீன் கடைகளைக் கடக்கும்போதெல்லாம் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, கண்ணை மட்டும் அகலத் திறந்து பார்ப்பாள். அருவருப்பு அவ்வளவு என்று அவர் நினைத்தார். சனிக்கிழமை தவறாமல் டாக்குரியாவுக்கு நாராயணீயம் வகுப்புக்குப் போய், வெயிலில் கறுத்து, சாயங்காலம் களைத்து வருகிறவள். அவளிடம் போய் மீன் என்று எப்படிச் சொல்வது? ஆகவே தோள்பட்டை வலி என்று ஒன்றைக் கற்பித்து, அதற்கு டாக்டர் துடுப்பு போடச் சொன்னார் என்று முடித்திருந்தார்.

படகோடு வந்த சாமான்களுக்கும் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. தூண்டில் கம்பைச் செருகும் குழாய்கள் குடை வைக்க என்றார். விசாலம் இரண்டு குடைகளை வைத்தாள். தூண்டில் நரம்புக் கண்டு, துணிக்கொடி கட்ட என்றார். அவள் நுனியை நாக்கில் ஈரப்படுத்தி, ஐந்து சுற்றுச் சுற்றி, ஒரு இழுப்பு இழுத்தாள். எட்டு முழ வேட்டியை ஈரத்தோடு போட்டும் அந்த முடிச்சு அசையவில்லை.

கைவலை, மேல் வீட்டுத் துணி விழுந்தால் பிடிக்க என்றார். அன்றைக்கே மேல் வீட்டுக் குழந்தையின் கவுன் விழுந்து கம்பியில் மாட்டிக்கொண்டது. விசாலம் வலையைத் துரத்தி வீசவில்லை. அடியில் நீட்டிப் பிடித்து, மூச்சு விடாமல் நின்று, காற்றில் அது தானாக வந்து இறங்கியதும் மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பினாள். கவுன் உள்ளே.

"பிறவியிலேயே வர கைப்பாங்கு!" என்றார் வெங்கட்ராமன்.

தூண்டில் முட்கள்தான் பயமாக இருந்தன. "திரைச்சீலைக் கொக்கி" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். விசாலம் ஒவ்வொன்றையும் கட்டைவிரல் நகத்தில் வைத்து இழுத்துப் பார்த்தாள். முனை மழுங்கி நகத்தில் வழுக்கிய இரண்டைத் தூரப் போட்டாள். மற்றதைச் சிறிசு, நடுத்தரம், பெரிசு என்று பிரித்து, அலமாரியிலிருந்த மூன்று பித்தளைக் கோப்பைகளில் போட்டு வைத்தாள். வருஷத்துக்கு ஒன்றாக வகுப்பில் அவள் பரிசு வாங்கிய கோப்பைகள். மேலே வங்காளத்தில் ஏதோ பொறித்திருக்கும். வெங்கட்ராமனுக்கு வங்காளம் பேச வரும், படிக்க வராது.

"அப்பா, நீ பெங்காலி படிக்கக் கத்துக்கோயேன். யூஸ்ஃபுல்லா இருக்கும்" என்றாள் சுபிக்ஷா.

"ரிடையர் ஆனப்புறம் பார்க்கலாம்."

வீட்டுக்கு ஒரே ஈமெயில். அதையும் விசாலம்தான் திறப்பாள். அதனால் வெங்கட்ராமன் ஸ்கேலால் மார்ஜின் போட்டு, எண் இட்டு, கடிதமே எழுதினார். முதல் கடிதத்தில் 'நோக்கம்' என்ற இடத்தில் 'இயற்கைக் காட்சி காணல்' என்று எழுதியிருந்தார். ஒல்லிப் படகில் சுற்றிப் பார்க்கிறவர் என்று நினைத்துத் தமிழரசன் இருநூற்றுப் பத்து சென்டிமீட்டர் துடுப்பை அனுப்பினார். அதுதான் முட்டியைப் பெயர்த்தது.

இரண்டாவது கடிதத்தில் நோக்கத்தை மாற்றினார்: 'தோள்பட்டைக்குப் பயிற்சி.' பயிற்சிக்கென்றே அகல அலகும் இரும்புக் கனமுமாக ஒன்று வந்தது. நாலு வீச்சு வீசினார். ஐந்தாவதில் தோளில் 'களுக்' என்றது. பொய்யாகச் சொன்ன வலி மெய்யாகவே வந்துவிட்டது.

டாக்டர் கையைத் தூளியில் கட்டிவிட்டு, இரண்டு வாரம் எதையும் தூக்கக்கூடாது என்றார்.

"துடுப்பு போடச் சொன்ன டாக்டர் இவர்தானே?" என்று விசாலம் கேட்டாள்.

"அவர்... வேற டாக்டர்."

"பாவம், அவருக்கு எத்தனை பேஷண்ட் இருந்தாளோ." அவள் தைலத்தை எடுத்து வந்து தேய்த்துவிட்டாள். "அடியைத் தோளால போடக்கூடாதுன்னா. இடுப்புலேருந்து திரும்பணும். கை சும்மா கூட வரணும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"உரலாட்டினவளுக்குத் தெரியாதா?"

அதுவும் நியாயமாகவே பட்டது. விவரம் தெரிந்தவள். சமையலறைக்குள்ளேயே எல்லாச் சாஸ்திரத்தையும் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். இப்படிப்பட்டவளிடம் பொய் சொல்கிறோமே என்று அன்று தைல வாசனையில் வெங்கட்ராமனுக்குக் கண் கலங்கியது. அவளிடம் உண்மையைச் சொல்லத் தைரியமில்லை. தமிழரசனிடமாவது சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார்.

போட்டிக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது, திங்கட்கிழமை ஆபீஸ் மதிய இடைவேளையில், கட்டுப்போடாத கையால் மூன்றாவது கடிதத்தை எழுதினார்.

'ஐயா,

1. படகின் அகலம் முப்பத்து நான்கு அங்குலம்.
2. இருக்கை உயரமானது.
3. என் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம்.
4. நோக்கம்: மீன் பிடித்தல். முன்பு எழுதிய இரண்டு நோக்கங்களும் பொய். மன்னிக்கவும்.
5. இல்லத்தில் என் மனைவிக்கு மீன் என்ற சொல்லே ஆகாது. எனவே பதிலை ஆபீஸ் முகவரிக்கு அனுப்பவும்.
6. என் மனைவி இரண்டரை மீட்டர் வேண்டும் என்று கருதுகிறாள். அது துணி உணர்த்தும் அனுபவத்தில் சொன்னது. தாங்கள் நிபுணர். சரியான அளவைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.'

உறையின் மேல், பள்ளியில் கற்ற ஒழுங்குப்படி, ஆங்கிலத்தில் பொருளையும் எழுதினார்: 'மீன்பிடி கயாக்குக்குத் துடுப்பு நீளம். மிக இரகசியம்.'

லேக் மார்க்கெட்டில் மதுவின் கூரியர் கடை, சனிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் திறந்திருக்கும். மீசைக்குச் சாயம் பூசிய பெரிய மனிதர் மது. உறையை வாங்கி, மேலே எழுதியிருந்ததைச் சத்தம் போட்டுப் படித்தார்.

"மீன்பிடி கயாக்கா! அட, எங்க ஏரிப் போட்டிக்கு நிராமிஷ் பாபுன்னு ஒருத்தர் பேர் கொடுத்திருக்காரே, அது நீங்கதானா, தாதா?"

"மெதுவா, மது-தா, மெதுவா! வீட்டுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா சமையலறைப் பக்கமே விடமாட்டா. நீங்க யார்கிட்டயும்..."

மது அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். தூளியைப் பார்த்தார். பிறகு உறையின் வாயில் பசை தடவி அழுத்தி ஒட்டினார், டேப் சுற்றினார், முத்திரை குத்தினார், சென்னைப் பைக்குள் போட்டார். வாசலில் காத்திருந்த வண்டி பையை வாங்கிக்கொண்டு கிளம்பியது.

"சத்தியமா நான் விசாலம் பௌதிகிட்ட சொல்லலை, தாதா" என்றார் மது. "ஆனா போட்டியன்னிக்கு அவங்களே உங்களைப் பார்த்துடுவாங்களே. மூணு வருஷமா கப்பு அவங்களுக்குத்தானே?"